இருபத்திரண்டு ரூபாய்க் கூலி

பம்மலில் நாங்கள் டிபன் கடை நடத்திய காலத்தில் கடைக்கு எதிரே ஒரு ஷூ கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள ஷெட், முன்னால் இரும்பு கேட், கேட்டின் மேல் பெயர் எழுத மறந்துபோன ஒரு பலகை. முழு ஷூகூட அங்கே செய்வதில்லை. ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்புவார்கள். அடிப்பாகம் வேறெங்கோ ஒட்டப்பட்டு, கப்பலேறி, எந்த ஊர்க்காரன் காலிலோ போய்ச் சேரும். எங்கள் தெருவில் பல வீடுகள் அந்த மேல்பாகத்தால் சாப்பிட்டன. நாங்கள் அந்த வீடுகளால் சாப்பிட்டோம்.

தைப்பது ஆண்கள். தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தில் பசை தடவி, உள்பக்கமாக மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படிய வைக்க வேண்டும். அது பெண்கள் வேலை. டேபிள் வேலை என்பார்கள். பதினாறு பெண்கள் ஒரே நீள டேபிளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டுவார்கள்.

அந்தத் தட்டலுக்கு ஒரு முறை உண்டு. டேபிளின் கடைசியில் வயதான ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் இருப்பவர். மணிக்கட்டில் வலி, மெதுவாகத்தான் தட்ட வரும். அவர் ஒரு ஜோடியை முடித்துக் கூடையில் போட்ட பிறகுதான் மற்றவர்களும் அடுத்த ஜோடியை எடுப்பார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. புதிதாக வருகிற பெண் வேகம் காட்டினால் பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் இடிப்பாள். ரெண்டு நாளில் அவளுக்கும் புரிந்துவிடும். நாள் கூலிதானே, ஜோடிக்கு இவ்வளவு என்று இல்லையே, முந்தி முடித்து என்ன ஆகப்போகிறது? வந்த வேலை சனிக்கிழமை சாயங்காலம் சரியாகத் தீரும். இந்த வேலைக்குப் பதினாறு பேரும் ஆறு நாளும் வேண்டும் என்று முதலாளியும் நம்பிக்கொண்டிருந்தார். கடையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டுவிட்டு நடக்கிறவர் மாதிரி ஒரு நிதானம்.

பதினாறு பேரில் ஒருத்தி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் புருஷன் வேறொருத்தியோடு ஆவடிப் பக்கம் குடித்தனம் போய்விட்டான். போகும்போது இவள் வீட்டுச் சீராக வந்த மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதைவிட மிக்ஸி போனதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். எங்களோடு வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் பின்னால் எங்களுக்கு இருந்தது ஒரே அறை, ஒரு சமையல் கட்டு. சமையல் கட்டில், அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவில் அவள் படுப்பாள். விடிகாலையில் மாவு எடுக்க அவளைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். ரெண்டு தடவை மிதித்திருக்கிறேன். ஒன்றும் சொல்ல மாட்டாள், காலை மடக்கிக்கொள்வாள். அதுவே எனக்கு எரிச்சலைக் கிளப்பும். கத்தித் தொலைத்தால்தான் என்ன?

அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"எனக்குன்னு ஒரு ரூம்பு வேணும் அண்ணி. உள்ள பூந்து நானே தாப்பா போட்டுக்கணும். நானா தொறந்தாத்தான் தொறக்கணும். அவ்ளோதான்."

"இங்க இன்னா, உன்ன யாராவது தொரத்துறாங்களா?" என்றேன், சுருக்கென்று.

"தொரத்தல அண்ணி. தாண்டுறீங்க."

வெங்காயத்தைப் பிடுங்கி நானே உரித்தேன்.

அடுத்த தெருவில், தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் அறை காலியாக இருந்தது. வாடகை நூற்று முப்பது. இவளுக்கு நாள் கூலி பதினாறு. எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொடுத்து, சீட்டும் கட்டிவிட்டு, மிச்சத்தில் அந்த அறையின் வாசற்படிக்குக்கூட வாடகை கட்ட முடியாது. கூலி இருபத்திரண்டு ஆனால் முடியும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். விலைவாசி, உழைப்பாளர் உரிமை, ஒன்றும் அதில் கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் கூடினால் ஒரு தாழ்ப்பாள்.

இதை அவள் சாப்பாட்டு வேளையில் டேபிளில் சொல்லியிருக்கிறாள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு தாழ்ப்பாள் இருந்திருக்கும் போல. மறுநாள் பதினாறு பேரும் முதலாளி முன்னால் போய் நின்றுவிட்டார்கள். முதலாளி கெட்டவர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒல்லியான மனுஷன், பழைய ஸ்கூட்டர், வயிற்றில் புண். எங்கள் கடையில் சர்க்கரை போடாத பால் குடிப்பார். அவர் முடியாது என்றார். இவர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

சத்தம் நின்றதும் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். சுத்தியலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அவர் சுவிட்சை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

லோடு போக வேண்டிய வாரம் அது. மத்தியானத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார்.

"சரிம்மா, இருபத்திரெண்டு தரேன். ஆனா கூலிக்கு ஏத்த வேலையைக் காட்டணும்."

"காட்றோம் சார். நீங்களே பாருங்க" என்றாளாம் என் நாத்தனார்.

காட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் காலையில் எதிரேயிருந்து வந்த சத்தம் எனக்குப் பழக்கமில்லாத சத்தமாக இருந்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போல் ஒரே தடதடப்பு. டேபிள் கடைசி அம்மாவுக்காகக் காத்திருக்கும் வழக்கத்தை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அந்த அம்மாவைப் பசை மட்டும் தடவச் சொல்லிவிட்டு மீதிப் பேர் பிய்த்து உதறிவிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார்தான். அவளுக்கு ரோஷம். வாயைத் திறந்து கேட்டு வாங்கிய காசு. அதற்கு ஒரு ஜோடிகூடக் குறைந்தது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. சாயங்காலம் கை வீங்கி வந்து, சிரித்துக்கொண்டே உப்புத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பைத்தியக்காரி.

நான் மட்டும் என்ன, அப்போது எனக்கும் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து டப்பாவில் பழையதோ தயிர்சாதமோ கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டு, என்னிடம் டீ மட்டும் குடிப்பார்கள். அதிலும் ரெண்டு பேருக்கு ஒரு டீ, இன்னொரு காலி கிளாஸ். கூலி ஏறியதும் போண்டா கேட்டார்கள். அப்புறம் போண்டாவோடு வடை. ஒருத்தி ஒரு நாள் ஆம்லெட் கேட்டபோது மற்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் நானே கொஞ்சம் வெட்கப்பட்டேன். வாசலில் பூக்காரி வந்து உட்கார ஆரம்பித்தாள். வளையல்காரர் சைக்கிளை எங்கள் கடை முன்னால் நிறுத்த ஆரம்பித்தார். நான் ஒரு புது பெஞ்ச் வாங்கிப் போட்டேன். எங்கள் கடையில் பாத்திரம் கழுவ ஓர் அம்மா திருநீர்மலைப் பக்கத்திலிருந்து நடந்து வருவார். ஐம்பது வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டார். அதுவரை அரை நாள்தான் வந்துகொண்டிருந்தார். கிளாஸும் தட்டும் குவியவே அவரை முழு நாளும் வரச் சொன்னேன். எட்டு ரூபாய் தருகிறேன் என்றேன்.

"எதிர்ல ஏத்திட்டாங்களாமே யக்கா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

சரி, பத்து என்றேன். கொடுக்கவும் முடிந்தது. எதிரே ஒருவர் கூலியை ஏற்றினால் இந்தப் பக்கம் குழாயடி வரைக்கும் அது வந்து சேரும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாத்தனார் அறை எடுத்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ், ரெண்டு பாத்திரம். அவள் அண்ணன் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "அவ்ளோதான் அவளோட சொத்து" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்தினார். முதல் நாளாயிற்றே என்று நான் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்டீ. ரசம்."

"நாளைக்கு வாங்கிக்கிறேன் அண்ணி."

"ரசத்த நாளைக்கு வாங்கி இன்னாடீ பண்ணுவ? தொற."

"இன்னிக்கு வேணாம் அண்ணி. இன்னிக்கு நான் யாருக்கும் தொறக்கறதா இல்ல."

தெருவில் நின்றபடி அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ரசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கும் சிரிப்புத்தான்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி டேபிளுக்கு வந்து காலிக் கூடைகளைப் பார்த்திருக்கிறார். தோல் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை வரை வரவேண்டிய வேலை வியாழக்கிழமையே முடிந்து கட்டி வைக்கப்பட்டிருந்தது. "பரவாயில்லையே" என்று பாராட்டிவிட்டு, "அப்போ திங்கக்கிழமை வாங்க" என்றார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவர் வந்து சொல்லக்கூட இல்லை, இவர்களே வியாழக்கிழமை பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தார்கள்.

கூலி ஏறியது உண்மை. ஆனால் ஆறு நாளுக்குப் பதினாறு வாங்கியபோது வாரத்துக்குத் தொண்ணூற்றாறு ரூபாய் வந்தது. நாலு நாளுக்கு இருபத்திரண்டு வாங்கியபோது எண்பத்தெட்டு வந்தது. இதை என் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். ஒருத்தி தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணினாள். அதே எண்பத்தெட்டுத்தான் வந்தது. பூக்காரி வேறு தெருவுக்குப் போனாள். வெள்ளியும் சனியும் நான் போட்ட போண்டாவை என் வீட்டுக்காரர் தின்றார். வீணாகக் கூடாதே என்றுதான் தின்பதாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு துக்கமும் தெரியவில்லை.

வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போயிற்று என்று நான்கூடச் சொன்னேன். அதையும் செய்து பார்த்தார்கள். ஆனால் முதலாளி ஒரு தடவை பார்த்துவிட்டார். நாலு நாளில் முடிகிற வேலை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததை எப்படி மறக்க வைப்பது? "இன்னாம்மா, போன வாரம் இதே நேரம் நாலு கூடை இருந்துச்சே" என்று கேட்டுக்கொண்டு டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் நாத்தனாரும் இன்னும் ரெண்டு பேரும் அவரைப் பார்க்கப் போகாமல், அவர் பால் குடிக்க வரும்போது என் கடையில் வைத்தே பிடித்துக்கொண்டார்கள். ஆறு நாளும் வேலை வேண்டும் என்றார்கள். அவர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பசங்க ஷூ ஆர்டர் ஒண்ணு வருது. மட்ட ரேட்டு. பதினாறு ரூபா கூலின்னா அதையும் எடுத்துப்பேன், பதினாறு பேருக்கும் ஆறு நாளும் வேலை இருக்கும். இருபத்திரெண்டு ரூபான்னா அது எனக்குக் கட்டாது, விட்டுடுவேன். அப்போ இருக்கற வேலைக்குப் பத்துப் பேர் போதும். பத்துப் பேரும் ஆறு நாள், புதுக் கூலி. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே கூடிப் பேசி சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க நான் எவ்வளவோ பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பாலுக்குக் காசு வாங்கும்போது சில்லறையை மேஜை மேல் வீசினேன். அவர் பொறுக்கிக்கொண்டு போனார்.

எந்தப் பக்கம் போனாலும் அடி நாத்தனாருக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. பழைய கூலி என்றால் வாடகை கட்ட முடியாது, அறை போய்விடும். புதுக் கூலி என்றால் பத்துப் பேரில் அவள் இருக்க வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை இல்லாத நாள். ரெண்டு பேரும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். அண்ணனாண்ட சொல்லாத. நேத்து கெளம்பும்போது முதலாளி தனியா கூப்டாரு. 'யாரு போனாலும் உன்ன நான் வுடமாட்டேன், நீ பயப்படாம புதுக் கூலிக்கே கை தூக்கு, யாராண்டயும் மூச்சு வுடாத'ன்னாரு."

எனக்கு உயிர் வந்தது. அங்கேயே ஒரு கிலோ தக்காளி கூடுதலாக வாங்கினேன்.

"அப்புறம் இன்னாடீ? வாய மூடிக்கினு கை தூக்கு. உன் ரூம்பு உனக்கு."

"போற ஆறு பேரு?"

"அவங்களுக்கும் அண்ணன் தம்பி கீறாங்க. நீ உன் பாட்டைப் பாரு."

அவள் தலையாட்டினாள். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். தண்ணீர் லாரிக்கு எதிரேதானே அவள் அறை. தெருவில் பாதிக் குடம் அங்கே வந்துதான் நிற்கும். வேலை போகிற ஆறு பேரும் அவள் கதவைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் பிடிப்பார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். நான் தக்காளியை நினைத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பதினாறு பேரும் என் கடைக்கு வந்தார்கள். டீ மட்டும் சொன்னார்கள். எனக்கு விசித்திரமாக இருந்தது என்னவென்றால், ஒருத்தி முகத்திலும் கவலை இல்லை. ஆறு பேருக்கு வேலை போகலாம் என்று பேச வந்தவர்கள், தலை வாரி, பவுடர் போட்டு, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். இவளுங்களுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டே கிளாஸைக் கொடுத்தேன்.

நாத்தனார் எழுந்து நின்றாள். நான் அடுப்படியிலிருந்து கண்ணால் மிரட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பழைய கூலிக்கே போய்டலாம்" என்றாள். "பதினாறு பேரும் இருந்துக்கலாம். ஆறு பேர வெளிய தள்ளிட்டு மீதிப் பேரு துன்னா அது ஒடம்புல ஒட்டுமா?"

கையில் இருந்த கரண்டியை அடுப்பு மேல் அடித்தேன். அவளுக்குக் கேட்காத மாதிரியே இருந்தாள். அறை போச்சு, இவள் தலையெழுத்து, யார் என்ன செய்ய முடியும் என்று முணுமுணுத்தேன். இவ்வளவு பெரிய மனசை வைத்துக்கொண்டு என் சமையல் கட்டில் எங்கே படுப்பாள்?

ஆனால் யாரும் அவளைப் பாராட்டவில்லை.

"நீதானே கேட்டு வாங்கின? இப்ப நீயே திருப்பிக் குடுன்ற" என்றாள் ஒருத்தி.

"பதினாறு ரூபாக்கா? என்னால ஆவாதும்மா" என்றாள் இன்னொருத்தி.

"அப்போ ஆறு பேரு?" என்றாள் நாத்தனார்.

"போறவங்க போவட்டும். நாம இன்னா பண்றது?"

"ஆமாம்மா, புதுக் கூலியே இருக்கட்டும்" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பார்த்தால், டேபிள் கடைசி அம்மா. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். பத்துப் பேர் போதும் என்றால் முதலில் யார் போவார் என்று தெருவில் விளையாடும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாத்தனார் அவரையே பார்த்தாள்.

"யம்மா, நீயா சொல்ற? உனக்கு இன்னா தைரியம்?"

அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். "எனக்கு இன்னாம்மா. மொத நாள்லேர்ந்து கீறேன். என்ன வுடமாட்டேன்னு அவரே கூப்ட்டு சொல்லிக்கீறாரு. யாராண்டயும் சொல்லாதன்னாரு, பாவம்."

பக்கத்தில் இருந்தவள் டீயைக் கீழே வைத்தாள். "உன்னாண்டயுமா?"

"ஏன், உன்னாண்ட?"

அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு வியாழக்கிழமையே சொன்னார், எனக்கு ஸ்கூட்டரை நிறுத்திச் சொன்னார், எனக்கு வீட்டுக்காரரிடமே சொல்லி அனுப்பினார் என்று ஒவ்வொருத்தியாகக் கக்கினார்கள். பதினாறு பேரிடமும், தனித்தனியாக, யாரிடமும் சொல்லாதே என்று. அந்த மட்ட ரேட்டு ஆர்டரில் அவருக்கு இஷ்டமே இல்லை. ஆறு பேரை அனுப்பும் பழியும் தன் மேல் விழக் கூடாது. அதற்காக இத்தனை பேரிடம் இத்தனை ரகசியம் பேசினால் வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? யாரோ ஒருத்தி குபுக்கென்று சிரித்தாள். உடனே எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். விஷயம் வெளியே வந்துவிட்டது, இனிமேல் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

நாத்தனாரும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க. பழைய கூலிக்கு யார் யாரு? கை தூக்குங்க" என்றாள்.

அவள் கை மட்டும்தான் மேலே இருந்தது.

"புதுக் கூலிக்கு?"

பதினைந்து கைகள் எழுந்தன. நான் அந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாருமே பக்கத்தில் இருப்பவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற எல்லாரிடமும் அவர் பொய் சொல்லியிருக்கிறார். தன்னிடம் சொன்னது மட்டும் நிஜம். டேபிள் கடைசி அம்மாவுக்கு வலது கை சரியாக மேலே எழவில்லை. இடது கையால் அதைத் தாங்கித் தூக்கிப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி கேட்டில் நின்று ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பத்துப் பேர் உள்ளே போனார்கள். கேட் மூடியது. மீதி ஆறு பேரில் நாலு பேர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டேபிள் கடைசி அம்மா, "மறந்துட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே நிழலில் நின்றார். நாத்தனார் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளை விட வேகமாகத் தட்டுகிறவள் அந்த ஷெட்டில் கிடையாது. ஆனால் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னதும் அவள்தானே. அதை அவரால் மறக்க முடிந்திருக்காது.

எதிரே தடதடவென்று சத்தம் ஆரம்பித்தது. நாத்தனார் எழுந்து, பெஞ்சின் மேல் கிடந்த கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கனவே அங்கே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"வைடீ அத. அதுக்கு ஆளு கீது" என்றேன்.

"தெரியும் அண்ணி. கை சும்மா இருக்க மாட்டேங்குது." கழுவிக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் அண்ணன வரச் சொல்லு. பெட்டியத் தூக்கணும்."

"இந்த மாச வாடகை குடுத்துட்டல்ல. மாசம் முடியட்டுமே."

"தாப்பா போட்டுகினு உள்ள உக்காந்து இன்னாத்த துன்றது?"

கேட்காத மாதிரி மாவைக் கலக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவும் அம்மா ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவராக வந்து பேசுகிற ஆள் இல்லை.

"யக்கா, நாளைக்கு நான் வரலாமா?"

"ஏன், நாளைக்கு உனக்கு இன்னா?"

அவர் ஒரு தடவை நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். "எட்டு ரூபாக்கே வரேன் யக்கா."

குழாயடியில் கிளாஸ் ஒன்று உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து வந்தாள். ஐந்தாறு வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"உன்ன யாரு கேட்டா? யாராவது வாயத் தொறந்தாங்களா? கேக்கறதுக்கு முன்னாடியே ஏன் கொறச்சிக்கிற?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழ ஆரம்பித்தாள். கேட்டில் அவள் பெயர் வராதபோதுகூட அழாதவள்.

அந்த அம்மா பயந்துபோய்ப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். "கேக்க மாட்டாங்கம்மா. நேரா, வேலைய வுட்டு நின்னுக்கோன்னுவாங்க. அதான் நானே முந்திக்கினேன்."

அப்புறம் ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்கு முதலாளி நான்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. "பத்து ரூபாதான். நாளைக்கும் வா, நாளன்னிக்கும் வா. இன்னொரு தபா கூலியப் பத்திப் பேசின, கரண்டி பறக்கும்" என்று கத்தினேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. மறுநாள் நான் கடையைத் திறக்கும்போதே வந்து வாசலில் நின்றிருந்தார். டீக்குக் கூட எழுந்திருக்காமல், குடித்து வைத்த கிளாஸை வைத்த உடனே எடுத்து, முந்தின நாளின் அண்டா குண்டானையும் சேர்த்துத் தேய்த்து, பதினோரு மணிக்கே அத்தனையையும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"வேற இன்னா கீது யக்கா?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு நான் ஒருத்தியே அதிகம். கவிழ்த்து வைத்திருந்ததிலேயே பெரிய அண்டாவை எடுத்துப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

"இன்னா தேச்சிக்கீற, அடியில அழுக்கு அப்படியே கீது" என்று அதட்டினேன். "எடுத்துகினு போ. மறுபடியும் தேய். மெதுவாத் தேய்."